எல்லைக்கோட்டின் மேல் ஒரு கடைவீதி

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்கள் எல்லா மீனையும் தராசில் வைப்பதில்லை. நெத்திலியோ மத்தியோ, கையால் அள்ளிப் பலகையில் குவிக்கிறார்கள். ஒரு குவியல் ஒரு கூறு. கூறு இவ்வளவு என்று விலை. வரத்து அதிகமான நாளிலும் விலை பெரும்பாலும் அப்படியே நிற்கும், கூறுதான் பெருக்கும். படகுகள் கடலுக்குப் போகாத நாளில் கூறு இளைக்கும். வெயில் ஏறிய பிறகு வருகிறவருக்குக் கேட்காமலேயே மேலே நாலு மீன் விழும். இருப்பு, விலை, கழிவு மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கிற இந்த வேலையைப் பெரிய கடைகள் கணினி வைத்துச் செய்கின்றன. இங்கே அது கைப்பழக்கம்.

பக்கத்துச் சந்துகளில் அளவே வேறு. பூவுக்கு முழம், கீரைக்குக் கட்டு, வாழைப்பழத்துக்குச் சீப்பு. போணி ஆகாதவரை வந்த ஆளைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். முதல் வியாபாரத்தில் அடக்கவிலைக்குக்கூட இறங்கி வருவார்கள். கொசுறு என்பது கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் மட்டுமல்ல, நாளைக்கும் இங்கேயே வா என்கிற அழைப்பு. சில்லறை வணிகத்தின் அரிச்சுவடி முழுவதும் இந்தச் சந்துகளில் இருக்கிறது. அது இங்கே வந்து சேர்ந்த வழிதான் நீண்டது.

இன்றைய பெரிய மார்க்கெட் 1820களின் பிற்பகுதியில், பிரெஞ்சு ஆளுநர் தெபஸ்ஸின் தெ ரிஷ்மோன் காலத்தில் உருவானது. 1826 முதல் 1828 வரை பதவியிலிருந்த அவர் கல்லூரியும் பொது நூலகமும் தொடங்கியவர். படிப்புக்கும் சந்தைக்கும் ஒரே காலத்தில் இடம் ஒதுக்கிய அந்த ஆளுநரின் பெயர் மார்க்கெட்டில் இல்லை. 1963-ல் புதுவையின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. ஊர்க்காரர்களுக்கு எப்போதும் அது பெரிய மார்க்கெட்தான்.

ஆனால் இந்த ஊரின் வியாபாரம் அந்தக் கட்டடத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. மார்க்கெட்டை ஒட்டிய ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இன்றும் நிற்கிறது: கீழ்த்தளத்தில் நம்மூர் மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சு பாணி வெள்ளைத் தூண்கள். 1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்த பிள்ளை, பின்னாளில் ஆளுநர் துய்ப்ளெக்ஸின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும், ஆனதால் பள்ளிப் பாடத்தில் இடம் பிடித்துவிட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் வியாபாரி. ஆளுநர் லெனுவார் பரங்கிப்பேட்டைத் துணிக்கிடங்கை அவர் பொறுப்பில் விட்டார். லாலாப்பேட்டையிலும் ஆற்காட்டிலும் கிடங்கு வைத்து, ஐரோப்பியச் சரக்கைக் கொடுத்து உள்ளூர்ச் சரக்கைக் கொள்முதல் செய்தார். பாக்கு வியாபாரம் தனி. ஆனந்தப்புரவி என்ற பெயரில் சொந்தக் கப்பலும் ஓடியது.

1736-ல் தொடங்கி 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பை அரசியல் வரலாறாகவே பலரும் படிக்கிறார்கள். ஒரு வியாபாரியின் கவலைப் பேரேடாகப் படித்தால் அது இன்னும் உயிரோடு பேசும். பிரெஞ்சு வணிகக் கும்பினிக்கு வேண்டிய துணிக்கு ஒப்பந்தம் எழுதுவார்கள். கும்பினி வணிகருக்கு முன்பணம் கொடுக்கும். வணிகர் நெசவாளருக்குக் கொடுப்பார். நெய்து வந்த துணியைக் கிடங்கில் மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள், தேறாதது திரும்பிவிடும். நடுவில் போர் வந்தால் பாதை அடைபடும், தறி நிற்கும், கப்பல் வராது. சரக்கு கிடங்கில், பணம் வெளியில், வட்டி மட்டும் தவறாமல் ஏறும். முதல் முடங்குவது என்றால் என்னவென்று புரிய இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆங்கிலேயர் முற்றுகையில் ஊர் தவித்துக்கொண்டிருந்தபோது, 1761 ஜனவரி 12-ல் பிள்ளை இறந்தார். நான்கு நாள் கழித்து ஊர் விழுந்தது. வென்றவர்கள் கோட்டையையும் நகரையும் இடித்துத் தள்ளினார்கள்.

கல்லாவில் விழுந்த காசுக்கும் ஒரு கதை உண்டு. நவாப் தோஸ்த் அலி கானிடமிருந்து 1736-ல் அனுமதி பெற்றுப் பிரெஞ்சுக்காரர்கள் ரூபாய் அடித்தார்கள். அது முகலாயப் பேரரசர் பெயரில் வந்த நாணயம். கடைவீதியில் புழங்கியவை வெள்ளிப் பணமும் செம்புத் துட்டும். எட்டுப் பணம் ஒரு ரூபாய். அந்தத் துட்டின் ஒரு பக்கம் பிரெஞ்சு அரச குலத்தின் லில்லிப் பூ; மறுபக்கம், கட்டையான தமிழ் எழுத்தில், ‘புதுச்சேரி’. கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய காசு அது. அரசருக்குப் பூ போதும். கீரைக்காரிக்கும் உப்பு விற்பவருக்கும் தங்கள் எழுத்து வேண்டும் என்று நாணயச் சாலைக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் இந்த ஊரின் பெயரைத் தொலைதூரம் கொண்டுபோனது கினித்துணி. அவுரியில் பலமுறை தோய்த்த நீலத்துணி. ஒரு துண்டு ஏறக்குறைய பதினைந்து மீட்டர். புதுச்சேரியிலிருந்து பிரான்ஸ் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றுக்குப் போனது. அங்கே பாலைவன வணிகர்கள் கருவேலம் பிசினைக் கொடுத்து அதை வாங்கினார்கள். பிசின் ஐரோப்பாவின் துணி அச்சு ஆலைகளுக்குத் தேவைப்பட்டது. போகப் போக ஆற்றங்கரையில் கினித்துணியே பணமாகிவிட்டது. மற்ற பொருட்களின் விலையைத் துண்டுக் கணக்கில் சொன்னார்கள். இதைப் பார்த்து ஐரோப்பிய ஆலைகள் மலிவான போலியை இறக்கின. ஆப்பிரிக்க வாடிக்கையாளர்கள் ஏமாறவில்லை. துணியைத் தடவிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள். அவுரி வாசனை சரியில்லை என்றால் தள்ளிவிட்டார்கள். நீளம், எடை, தரம் குறித்துப் பிரெஞ்சு அரசு விதிகள் வகுத்து முத்திரை வைக்க வேண்டிய நிலை வந்தது. விளம்பரம் எதுவும் இல்லாமல், முத்தியால்பேட்டைப் பக்கத்துத் தறியும் சாயத்தொட்டியும் கண்டம் தாண்டிச் சம்பாதித்த நம்பிக்கை அது. அந்த நெசவாளர்கள், சாயக்காரர்கள் பெயர் எதுவும் ஊரில் ஒரு வீதிப் பலகையில்கூட இல்லாதது பெரிய குறை.

இந்த ஊர்க் கடைக்காரருக்கு எப்போதும் கூடுதலாக ஒரு கணக்கு இருந்தது: எல்லை. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அது அன்று ஆங்கிலேயர் மண், இன்று தமிழ்நாடு. பிரெஞ்சுக் கிராமங்களும் ஆங்கிலேயர் கிராமங்களும் கட்டம் போட்ட துணி மாதிரி கலந்து கிடந்தன. இரு பக்கமும் ஒரே சுங்கம் என்று 1941-ல் ஏற்பட்ட உடன்பாடு 1949-ல் முடிந்தது. இந்தியா சோதனைச் சாவடி அமைத்தது. உள்ளே வெளிநாட்டுக் கைக்கடிகாரம், வாசனைத் திரவியம், மது, தங்கம் எல்லாம் தாராளமாக இறங்கின. எல்லை தாண்டியதும் அவற்றின் விலை வேறு. கடத்தலில் சிலர் கொழித்தார்கள். 1954-ல் இந்தியா கெடுபிடியை இறுக்கியபோது சாதாரணக் குடும்பங்கள் அன்றாடப் பொருளுக்கு அலைந்தன. அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. துய்ப்ளெக்ஸ் வீதி நேரு வீதி ஆயிற்று.

எல்லை மட்டும் வேறு உருவில் பிழைத்துக்கொண்டது. யூனியன் பிரதேசத்தின் விற்பனை வரி பல பொருட்களுக்குத் தமிழ்நாட்டைவிடக் குறைவாயிருந்தது. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பேருந்து ஏறி வந்து வீட்டுச் சாமான் வாங்கிப் போவது லாபமாக இருந்தது. 2017 ஜூலை 1-ல் சரக்கு சேவை வரி வந்ததும் பெரும்பாலான பொருட்களில் அந்த வித்தியாசம் போயிற்று. பெட்ரோலும் மதுவும் அந்த வரிக்கு வெளியே நிற்பதால் அவற்றில் மட்டும் பழைய கணக்கு தொடர்கிறது. வரி வித்தியாசத்தை மட்டும் நம்பிக் கடை விரித்தவர்கள் திணற வேண்டியதாயிற்று. வாடிக்கையாளரை முகம் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தவர்களுக்கு அவ்வளவு பாதிப்பில்லை.

அப்படித் தெரிந்து வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கடை என்று நான்கு சுவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதியில் மூடிய கடைகளின் வாசலில் சண்டே மார்க்கெட் விரிகிறது. துணி, செருப்பு, பழைய புத்தகம், பாத்திரம் எல்லாம் தரையில். பெரிய மார்க்கெட்டிலும் தரைக்கடைக்காரர்கள் நகராட்சிக்கு அன்றன்று அடிக்காசு கட்டி உட்காருகிறார்கள். சாக்கு விரிக்கிற இடத்துக்குக் கூலி, அவ்வளவுதான். ஒப்பந்தப் பத்திரமோ முன்பணமோ இல்லை. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மார்க்கெட்டை இடித்துக் கட்டும் யோசனை வந்தபோது வியாபாரிகள் எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். வெளியே போனால் பழைய இடம் திரும்பக் கிடைக்குமா என்பது அவர்களுடைய பயம். அது நியாயமானது. ரசீதோடு வாடகை கட்டுகிறவருக்காவது காட்ட ஒரு தாள் உண்டு. அடிக்காசுக்காரருக்கு, எந்தத் தூணருகே யார் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய வாடிக்கைதான் முதல். மார்க்கெட்டை எப்போது புதுப்பித்தாலும், வரைபடம் போடுவதற்கு முன் தரையில் இருக்கிறவர்களை எண்ணி, யார் எங்கே உட்காருகிறார் என்று எழுதி, அந்தத் தாளை அவர்கள் கையிலும் கொடுக்க வேண்டும்.