ரீபார்ன் பொம்மைகளுக்கான அக்ரிலிக் வண்ணக் கலவை
ரீபார்ன் பொம்மை என்பது பச்சிளங்குழந்தையென மயங்குமாறு கையால் வண்ணம் தீட்டப்படும் வினைல் பொம்மை. 1990-களில் அமெரிக்காவில் பரவிய இக்கலையில், ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸில் சூடாக்கி இறுக்கும் வண்ணங்களுக்கு மாற்றாகக் காற்றிலேயே உலரும் அக்ரிலிக்கும் பயன்படுகிறது.

தோல்நிறத்துக்கு மஞ்சள் காவி, சுட்ட சியன்னா என்னும் செம்பழுப்பு, சிவப்பு ஆகியவற்றைக் கலப்பர். நிறம் பளிச்சிட்டால் துளி நீலம் அதை அடக்கும். வெள்ளையைக் கூட்டினால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். கலவையை மெலிதாக்க, ஒளி ஊடுருவும் மேட் மீடியம் என்னும் நிறமியற்ற அக்ரிலிக் பிசினே ஏற்றது. வெறும் நீர் மிகுந்தால் நிறமியைப் பிணைக்கும் பிசின் நலிந்து, பூச்சு வினைலில் பிடிக்காது. ஈரத்தில் வெண்மையாக இருக்கும் பிசின் உலரும்போது தெளிவதால் நிறம் சற்றுக் கருக்கும். எனவே தனி வினைல் துண்டில் முதலில் தீட்டிப் பார்ப்பர். நீல நரம்புகள், சிவந்த திட்டுகள், தோல்நிறம் ஆகியவை மெல்லிய பூச்சுகளாக, ஒன்று உலர்ந்தபின் ஒன்றாக, ஸ்பாஞ்சால் ஒற்றி அடுக்கப்படுகின்றன.