குக்கிக்குள்ள ஒரு கமா

தலைப்பைப் பார்த்துட்டு சமையல் குறிப்புன்னு வந்தவங்க மன்னிக்கணும். இது பொட்டி தட்டுற சமாச்சாரம்.

வலைப்பக்கம் கேட்டா, சர்வர் பக்கத்துக்கு முன்னாடி சில ஹெடர் வரிகளையும் அனுப்பும். இடப்பக்கம் பேரு, நடுவுல முக்காற்புள்ளி, வலப்பக்கம் மதிப்பு. 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதின முதல் எச்டிடிபி-யில் இதெல்லாம் கிடையாது. அப்புறம்தான் மின்னஞ்சலுக்கு 1982-ல் எழுதின ஆர்எஃப்சி 822-லிருந்து கடன் வாங்கினாங்க.

கடனோட ஒரு கேள்வியும் வந்துச்சு. ஒரே பேர்ல ரெண்டு ஹெடர் வந்தா, படிக்கிற ஃபங்ஷன் எதைத் தரணும்? ஜாவாவில பேர் சொல்லிக் கேட்டா கடைசியா வந்தது மட்டும் கிடைக்கும், மத்ததெல்லாம் கோவிந்தா. முழுசா வேணும்னா ஒண்ணொண்ணா எண்ணிட்டே போகணும். பட்டியலா தர்ற ஃபங்ஷன் 2002-ல் வந்த 1.4-லதான் சேர்ந்துச்சு. (அதுலயும் கூத்து: '200 ஓகே' வரி 'நல்' என்கிற சாவிக்குள்ள ஒளிஞ்சிருக்கும்!)

பிரவுசர்க்காரங்க வேற வழி போனாங்க. ரெண்டு மதிப்பையும் நடுவுல கமா போட்டு ஒட்டி, ஒரே சரமா கொடுத்துட்டாங்க. 1999-ல் வந்த ஆர்எஃப்சி 2616-உம் பட்டியல் வகை ஹெடர்களை அப்படி ஒட்டலாம்னுதான் சொல்லுது. பெரும்பாலான ஹெடருக்கு இது போதும்.

போதாதது ஒண்ணே ஒண்ணு, குக்கி. 1994-ல் நெட்ஸ்கேப்ல லூ மான்டுல்லி கொண்டு வந்தது. அதோட காலாவதி தேதியை 'புதன், 09 ஜூன் 2021'-ங்கற மாதிரி எழுதணும். கிழமைக்கு அப்புறம் கமா இருக்கா? ரெண்டு குக்கியை ஒட்டிட்டு மறுபடி கமாவுல வெட்டினா, தேதியும் சேர்ந்து துண்டாகும். லாகின் பண்ணின ஆளு அடுத்த க்ளிக்ல வெளிய நிப்பாரு. 2011-ல் ஆர்எஃப்சி 6265 'குக்கியை ஒட்டாதீங்கப்பா'ன்னு சொல்லிடுச்சு.

ஆனாலும் அப்புறம் வந்த ஃபெட்ச்-உம் ஒட்டத்தான் செஞ்சுது. பிரவுசர்ல ஸ்கிரிப்ட் குக்கி ஹெடரைப் படிக்கவே முடியாது, அதனால யாருக்கும் வலிக்கல. நோட், டீனோன்னு சர்வர் பக்கமும் அதே ஃபெட்ச் போனப்பதான் வலிச்சுது. அந்த ஒரு ஹெடருக்காகவே 'கெட்-செட்-குக்கி'ன்னு தனி ஃபங்ஷன் 2023-ல் பிரவுசர்களுக்கும் வந்துச்சு.

எனக்குப் பிடிச்சது கோ மொழியோட வழி. உள்ளுக்குள்ள எப்பவும் பட்டியல். அவசரக்காரங்களுக்கு முதல் மதிப்பை மட்டும் தர்ற 'கெட்'. இப்ப எங்க டீம்ல ஒரு சின்ன லைப்ரரிக்கு இதே பஞ்சாயத்து ஓடுது. பட்டியல்தான்னு நான் நிக்கிறேன். "ஒரே ஒரு மதிப்புக்கு எதுக்குய்யா பட்டியல்?"னு கேக்குது எதிர்க்கட்சி. திங்கக்கிழமை ஓட்டெடுப்பு.