ராஜா சொல்லியாச்சு, பத்திரம் எப்போ?

வீடு பாத்தாச்சு. விலை பேசி முடிச்சாச்சு. வெத்தலைப் பாக்குத் தட்டுல அட்வான்ஸும் வெச்சுக் கொடுத்தாச்சு. ஓனர் சிரிச்சுக்கிட்டே "இனி இது உங்க வீடு"ன்னு சொல்லிட்டார். மூணு மாசம் ஆகுது, ஒண்ணும் நகரலை. வில்லங்கச் சான்றிதழ்ல ஒரு பழைய அடமானம் தொங்கிக்கிட்டு நிக்குது. பட்டா இன்னும் அவரோட தாத்தா பேர்ல இருக்கு. பேங்க்ல மூலப் பத்திரம் கேக்கிறாங்க. பத்திர எழுத்தருக்கு போன் பண்ணா, "வர்ற திங்கள்கிழமை பாத்துக்கலாம் சார்." எந்தத் திங்கள்கிழமைன்னு மட்டும் சொல்ல மாட்டார்.

வாய்வார்த்தைக்கும் பத்திரத்துக்கும் நடுவுல இருக்கிற இந்த இடைவெளி எவ்வளவு பழசுன்னுதான் இன்னைக்கு பாக்கப் போறோம். அதுக்குத் தஞ்சாவூர் போகணும். வாக்கு கொடுத்தவர் சாதாரண ஆள் இல்லை, முதலாம் ராஜராஜ சோழன்.

நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் ஒரு பௌத்த விகாரை கட்டினார். பேர் சூடாமணி விகாரை. அவருடைய அப்பா சூளாமணிவர்மனின் பேரை ஒட்டி வைத்தது. கடல் கடந்த வணிகம், ராஜதந்திரம் எல்லாம் கலந்த ஒரு கட்டடம். அதன் செலவுக்காக ராஜராஜன் பக்கத்தில் இருந்த ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாகக் கொடுக்கிறார். அளந்து கண்ட நிலம் 97 வேலிக்கும் கொஞ்சம் மேல். ஒரு வேலின்னா ஆறரை ஏக்கருக்கு மேல வரும். அதிலிருந்து வர வேண்டிய நெல் 8,943 கலமும் சில்லறையும். சில்லறைன்னா சும்மா இல்லை, தூணி, குறுணி, நாழி வரைக்கும் எழுதி வெச்சிருக்காங்க.

இப்ப தேதிகளைப் பாருங்க. ராஜராஜனின் 21-ஆம் ஆட்சியாண்டு, 92-ஆம் நாள், தஞ்சாவூர் அரண்மனை மண்டபத்தில் இருந்து வாயால் உத்தரவு போடுகிறார். நம்ம கணக்கில் 1005 அல்லது 1006. அது கணக்கில் ஏறுவது 96-ஆம் நாள். நாலே நாள்! இன்னைக்கு டோக்கன் கிடைக்கவே அதுக்கு மேல ஆகும். ஆனா நாட்டார் எல்லையைச் சுற்றி வந்து ஓலை எழுதிக் கொடுத்து வேலை முடிந்தது எப்போன்னா, 23-ஆம் ஆட்சியாண்டு, 163-ஆம் நாள். 2 வருஷம், 71 நாள்.

அதோட முடியலை. இதைச் செப்பேட்டில் வெட்டியது அவருடைய மகன் ராஜேந்திரன் காலத்தில். அப்பா கொடுத்த ஊருக்கு மகன் நிலையான சாசனம் செய்து கொடுத்தார்னு அந்தச் செப்பேடே சொல்லுது. வாக்கு கொடுத்தவர் உயிரோடு இல்லை, பத்திரம் அப்புறம்தான் வந்தது. சொத்து வாங்குறவங்களுக்கு வயித்தைக் கலக்குற நிலைமை இது. விக்கிறவர் நடுவுல தவறிட்டா வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசும் கையெழுத்துன்னு ஆட்டம் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும், இல்லையா?

சரி, அந்த ரெண்டு வருஷம் என்னதான் பண்ணாங்க? ராஜா சொல்வதைக் கேட்டு எழுதுறவருக்குத் திருமந்திர ஓலைன்னு பேர். அதைச் சரிபார்த்து ஒப்புக்கொள்கிற மேலதிகாரி திருமந்திர ஓலை நாயகம். அப்புறம் ஃபைல், அதாவது ஓலை, புரவுவரித் திணைக்களத்துக்குப் போகும். இன்றைய வருவாய்த்துறை மாதிரி. இந்த ஊரிலிருந்து அரசுக்கு வந்துகொண்டிருந்த வரி இனி வராது என்பதால், புத்தகத்தில் அதைக் கழித்து வேறு தலைப்பில் எழுத வேண்டும். அங்கேயும் ஒருத்தர் படிக்க, ஒருத்தர் எழுத, இன்னும் சிலர் கூட இருந்து பார்க்க, பேர் பேராகப் பதிவு செய்கிறார்கள். யார் மேசையில் நின்னதுன்னு ஆயிரம் வருஷம் கழிச்சும் தெரியுது. உங்க பட்டா விண்ணப்பம் இப்ப யார்கிட்ட இருக்குன்னு உங்களால சொல்ல முடியுமா?

அடுத்தது களம். எல்லையைச் சுற்றி ஒரு பெண் யானையை நடத்திக்கொண்டு போவார்கள். பின்னால் நாட்டார், பக்கத்து ஊர்க்காரர்கள். எந்த வாய்க்காலுக்குக் கிழக்கே, எந்த ஊர் வரப்புக்குத் தெற்கேன்னு சொல்லிக்கிட்டே போய், கல்லும் கள்ளிச்செடியும் நட்டு எல்லை காட்டுவார்கள். டெல்டாவில் இது அவசியம். ஆறு ஒதுங்கும், வாய்க்கால் திசை மாறும், வெள்ளம் வந்தா வரப்பே இருக்காது. இன்னைக்கு உட்பிரிவுக்கு சர்வேயர் வரணும்னு காத்திருக்கீங்களே, அது இந்த யானை நடந்த வேலைதான்.

இன்னொரு சங்கதி. சோழர் கொடைப் பத்திரங்களில் நிலம் மட்டும் வராது. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை கட்டலாம், கிணறு வெட்டலாம், தென்னை வைக்கலாம்னு அனுமதிப் பட்டியலும் வரும். சுட்ட செங்கல் வீட்டுக்கே ராஜா அனுமதி வேணும். பிளான் அப்ரூவல் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுன்னு நினைச்சீங்கன்னா, இல்லை.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கு. கோயிலுக்கு நெல் தர வேண்டிய ஊர்களின் பட்டியல். ஒவ்வொரு ஊரிலும் ஊர் நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மீதிக்குத்தான் கணக்கு. நத்தம் என்பது குடியிருப்பு இடம். அதுக்கு நெல் கிடையாது. இந்த நத்தம் என்ற சொல் இன்னமும் உயிரோட இருக்கு. "கிராம நத்தம் சார், பட்டா இல்லை, ஆனா நாலு தலைமுறையா இருக்கோம்"னு டெல்டாவில் வீடு விக்கிறவங்க சொல்வாங்க. வயலுக்கு விவரமாகக் கணக்கு இருந்தது. வீட்டுமனைக்கு ரொம்ப காலம் இல்லை. நத்தத்தை அளந்து தனித்தனியாகப் பட்டா கொடுக்கும் வேலை சமீப காலத்தில்தான் நடந்தது. பேங்க் தயங்குவது அதனால்தான்.

இப்ப சட்டத்துக்கு வருவோம். 1882-ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம், 54-வது பிரிவு: கிரய ஒப்பந்தம் போட்டதால் மட்டும் சொத்தில் உங்களுக்கு எந்த உரிமையும் வந்துவிடாது. கிரயப் பத்திரம் பதிவானால்தான் வரும். ஒப்பந்தம் தருவது ஒரு வாக்கு, அதை நிறைவேற்றச் சொல்லி கோர்ட்டுக்குப் போகும் வழி. அதுக்கும் காலவரம்பு மூணு வருஷம், ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து. தேதியே குறிக்கலைன்னா, தர மாட்டேன்னு எதிர்த்தரப்பு சொன்னது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து. தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பிறகு கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யணும். ராஜராஜன் மூணு வருஷத்துக்குள்ள முடிச்சிட்டார். சட்டப்படி தப்பிச்சார்.

தாமதம் எல்லாம் ஒரே ஜாதி இல்லைங்கிறது என் கருத்து. ஃபைல் சும்மா மேசையில தூங்குறது ஒரு வகை. அதுக்குப் போன் பண்ணுங்க, மனு கொடுங்க, நேர்ல போய் நில்லுங்க. ஒப்பந்தக் காலம் முடியுதுன்னா வாய்ப்பேச்சா விடாம எழுத்துல நீட்டிப்பு வாங்குங்க. இன்னொரு வகை வேற. அதுல யாரோ ஒருத்தரோட உரிமையைத் தேடிக்கிட்டு இருக்காங்க. அதை அவசரப்படுத்தக் கூடாது.

ஏன்னு புரிய இன்னொரு செப்பேட்டைப் பாக்கணும். ஆனைமங்கலம் கதை செப்பேட்டோடயும் முடியலை. 1090-இல், முதலாம் குலோத்துங்கன் காலத்தில், கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து விகாரையின் ஊர்களுக்கு வரிவிலக்கு உறுதிசெய்து புதுச் செப்பேடு கேட்டு வாங்கினார்கள். மூணே ஏடு. முந்தினது 21 ஏடு. அந்தச் சின்னச் செப்பேட்டில் ஒரு வரி வருது: அந்த ஊர்களில் முன்னால் காணி வைத்திருந்தவர்களைத் தவிர்த்து, நிலம் இனி பௌத்த சங்கத்துக்கே காணி. அந்தக் காணியாளர்கள் யார், எத்தனை குடும்பம், எங்கே போனார்கள்? பேர் கிடையாது. எழுதினவர், சரிபார்த்தவர், வரிப்புத்தகத்தில் ஏற்றினவர்னு அத்தனை பேரும் பதிவாகிற அரசாங்கத்தில், நிலத்தை இழந்தவங்க ஒரு சொல்லுக்குள்ள அடங்கிட்டாங்க.

நம்ம காலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் நிற்பது விக்கிறவரின் அக்கா, தங்கை. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது, நாடு முழுக்க வந்தது 2005-இல். அப்படியும், "அவளுக்குக் கல்யாணத்துல எல்லாம் செஞ்சாச்சு, கையெழுத்தெல்லாம் தேவையில்லை"ன்னு சொல்ற அண்ணன்களுக்குப் பஞ்சமில்லை. உங்க வக்கீல் "விடுதலைப் பத்திரம் வேணும், இல்ல அந்தம்மாவும் வந்து கையெழுத்துப் போடணும்"னு சொல்லி ரெண்டு மாசம் இழுக்கிறார்னா, அவர் மேல கோபப்படாதீங்க. அந்தம்மா திருவாரூர்ல இருக்காங்களா, சிங்கப்பூர்ல இருக்காங்களான்னு கேட்டு, நீங்களே ஒரு போன் பண்ணுங்க. பங்கு கேட்டா, விலையில அதுக்கு இடம் இருக்கான்னு பாருங்க.

விகாரை இன்னைக்கு இல்லை. நாகப்பட்டினத்தில் மிச்சமிருந்த செங்கல் கோபுரத்தையும் 1867-இல் இடித்துவிட்டார்கள். ஆனைமங்கலம் இருக்கு, கீழ்வேளூர் பக்கம். செப்பேடுகள் டச்சுக்காரர்களோடு கப்பலேறி, 1862-இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதனாலதான் ஆனைமங்கலம் செப்பேட்டுக்கு லைடன் செப்பேடுன்னு இன்னொரு பேர்.