ஓரத்தில் உட்கார்பவருக்கான டிவி

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்கு நேர் எதிரே சோபா இருக்கிறது. அதில் மனிதர்கள் உட்கார்வது குறைவு. மடிக்காத துணிதான் பெரும்பாலும் கிடக்கும். அம்மாவின் இடம் அடுக்களை வாசற்படி. அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு, கீரை ஆய்ந்தபடியே எட்டு மணி சீரியலைப் பார்ப்பார். கீழேயிருந்து, பக்கவாட்டில், ஐம்பது பாகைக்குக் குறையாத கோணத்தில். போன வருடம் நான் வாங்கி மாட்டிய 43 அங்குல டிவியைப் பார்த்துவிட்டு அவர் முதலில் கேட்டது: "என்னடா, எல்லாருக்கும் சோகை பிடிச்ச மாதிரி இருக்கு?"

துணியைத் தள்ளிவிட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். யாருக்கும் சோகை இல்லை. வாசற்படிக்குப் போய்க் குந்தினேன். பட்டுப்புடவையின் அரக்கு வெளிறிய செங்கல் நிறமாகியிருந்தது.

அண்ணன் வீட்டிலும் 43 அங்குலம்தான். ஏறக்குறைய அதே விலை, வேறு கம்பெனி. அங்கே டிவி படுக்கையறையில், கட்டிலுக்கு நேர் எதிரே. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பது அவர் வழக்கம். அவருடைய குறை வேறு: "இருட்டு சீன்ல இருட்டே இல்லடா, சாம்பலைக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு." பக்கவாட்டில் படுத்துக்கொண்டு பார்த்தாலும் நிறம் மாறவில்லை என்பதை அவர் கவனித்ததே இல்லை. கவனிக்க அவருக்கு அவசியமும் வரவில்லை.

இரண்டு டிவியும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. என்னுடையது வி.ஏ. பேனல், அண்ணனுடையது ஐ.பி.எஸ். பேனல். பெட்டியின் மேல் பெரும்பாலான கம்பெனிகள் இதைப் பெரிதாக அச்சடிப்பதில்லை.

நாங்கள் வாங்கிய விலையில் கிடைக்கும் எல்லா டிவியும் எல்.சி.டி.தான். 'எல்.இ.டி. டிவி' என்று கடையில் சொல்வது பின்னால் எரியும் விளக்கை வைத்து வந்த பெயர். அந்த விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னாலுள்ள திரவப் படிகங்கள்தான் வெளிச்சத்தை விடுவதும் மறைப்பதும். வி.ஏ.வில் படிகங்கள் கண்ணாடிக்குச் செங்குத்தாக, விளைந்த பயிர் போல நிற்கும். மின்னழுத்தம் கொடுத்தால் சாயும். காற்றில் சாய்ந்த வயலை இந்த வரப்பிலிருந்து பார்த்தால் ஒரு பச்சை, எதிர் வரப்பிலிருந்து பார்த்தால் வேறு பச்சை இல்லையா, அதுதான் அம்மா கண்ட சோகை. ஐ.பி.எஸ்ஸில் படிகங்கள் படுத்த வாக்கிலேயே கிடந்து, தரையில் கிடக்கும் தென்னை மட்டையைத் திருப்பிப் போடுவது போல, இடத்தில் சுழலும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தோற்றம் அதிகம் மாறாது. ஆனால் வெளிச்சத்தை முழுதாக மறைக்க இதற்குத் தெரியாது, கசியும். வெள்ளைக்கும் கறுப்புக்குமான விகிதம் ஐ.பி.எஸ்ஸில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் நிற்க, வி.ஏ.வில் மூவாயிரத்துக்கு ஒன்று, அதற்கு மேலும்கூடப் போகிறது. வி.ஏ.வுக்கு இன்னொரு சின்னக் குறை, இருட்டுக் காட்சியில் வேகமாக நகரும் உருவத்துக்குப் பின்னால் நிழல் இழுக்கும்.

இரண்டும் 1990களில் ஜப்பானில் வளர்ந்தவை. ஐ.பி.எஸ்ஸை ஹிட்டாச்சி கொண்டுவந்தது, வி.ஏ.வின் கோணக் குறையைக் குறைக்கப் பாடுபட்டது ஃபுஜிட்சு. இன்று நிலைமை வேறு. சாம்சங் 2022இல் எல்.சி.டி. பேனல் செய்வதையே நிறுத்திவிட்டது. எல்ஜி டிஸ்ப்ளே தன் குவாங்சோ ஆலையை 2025இல் டிசிஎல் குழுமத்திடம் ஒப்படைத்தது. பெரும்பாலான பேனல்கள் சீனாவிலிருந்தே வருகின்றன. ஆகவே 'நான் எப்பவும் இந்தக் கம்பெனிதான்' என்பதில் பெரிய பொருளில்லை. ஒரே வரிசையில் 43 அங்குலம் ஐ.பி.எஸ்., 50 அங்குலம் வி.ஏ. என்று வருவதும் உண்டு.

இணையத்தில் படித்துவிட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வி.ஏ. பக்கம் சாய்வார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். கறுப்பு கறுப்பாக இருக்கும் என்பது உண்மைதான், அறை இருட்டாக இருந்தால். எங்கள் ஹாலில் ராத்திரி பத்து மணி வரை டியூப்லைட் எரியும். பகலில் ஜன்னல் வெளிச்சம். அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது வி.ஏ.வின் கறுப்பும் சாம்பலாகிவிடுகிறது. அதாவது, டியூப்லைட் ஐ.பி.எஸ்ஸின் குறையை மறைத்துவிடும். வி.ஏ.வின் குறையை எந்த விளக்கும் மறைக்காது, ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு அது ஓரம்தான். போதாக்குறைக்கு நம் வீடுகளில் டிவியைக் காலண்டர் மாட்டும் உயரத்தில் மாட்டுகிறோம். பாயில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். அந்தக் கோணத்திலும் வி.ஏ. வெளுக்கும்.

கடையில் இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை, ஆனால் விடமாட்டார்கள். மயிலும் மாதுளம்பழமும் கண்ணைப் பறிக்கும் டெமோ வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். "க்யூஎல்இடி சார், நூறு கோடி கலர் சார்" என்பார் விற்பனையாளர். அந்தக் 'க்யூ' குறிக்கும் குவாண்டம் புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக மூன்று பேருக்கு 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது, அதில் சந்தேகமில்லை. அந்தப் புள்ளிகள் நிறத்தைச் செழுமையாக்கும். பேனல் வகையை மாற்றாது. க்யூஎல்இடி என்று எழுதிய டிவி வி.ஏ.வாகவும் இருக்கலாம், ஐ.பி.எஸ்ஸாகவும் இருக்கலாம். எச்.டி.ஆர். என்ற எழுத்துக்கும் இந்த விலையில் அதிகம் கொடுக்காதீர்கள், அதைக் காட்டும் அளவு வெளிச்சம் இவற்றில் பெரும்பாலும் இருக்காது. பழைய எஸ்.டி. சேனல்தான் வீட்டில் ஓடுகிறதென்றால் 4கே அதை அழகாக்கிவிடாது.

பென் டிரைவில் உங்கள் வீட்டில் ஓடும் காட்சி ஒன்றை எடுத்துப் போங்கள். ஒரு முகம் அருகில் தெரியும் காட்சி, ஒரு ராத்திரிக் காட்சி, போதும். 'விவிட்' முறையை மாற்றி 'ஸ்டாண்டர்ட்' வைக்கச் சொல்லுங்கள். பிறகு டிவியை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து, குனிந்தும் பாருங்கள். முகம் வெளுத்தால் வி.ஏ. முகம் வெளுக்காமல் ராத்திரி வானம் மட்டும் சாம்பலாகத் தெரிந்தால் ஐ.பி.எஸ்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. முன்பு 32,000 ரூபாய்க்கு விற்றது, வரிக் குறைப்பு முழுதாகக் கைக்கு வந்தால் 29,500. மிஞ்சும் 2,500ஐ அடுத்த அளவுக்கோ க்யூஎல்இடிக்கோ கொடுக்காமல் ஒரு நல்ல சவுண்ட்பாருக்கு ஒதுக்குவேன். மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கர் வசனத்தை விழுங்குகிறது.

நாங்கள் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு டிவியையும் மாற்றிக்கொண்டோம். லோடு ஆட்டோவில், நிற்க வைத்து, நடுவில் போர்வை கொடுத்து. படுக்க வைத்தால் குலுக்கலில் பேனல் விரிசல் விடலாம். அண்ணன் அன்றிரவே ஒரு பேய்ப்படம் போட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே சீரியலைப் பார்த்தார்.

ஹாலுக்கு என்றால் ஐ.பி.எஸ்., நேரே கட்டில் போட்ட இருட்டறைக்கு வி.ஏ. உங்கள் வீட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் யாரோ, கடைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.