ஹேல் என்றொரு ஊரும் எங்க சித்தப்பாவும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் வீட்டுக் கதை. நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

எனக்கு ஒரு சித்தப்பா உண்டு. அப்பாவோட கடைசித் தம்பி. இருபது வயசுல பாலிடெக்னிக் படிக்கும்போது மனச்சிதைவு நோய் வந்தது. ராமநாதபுரம் பக்கத்துல அந்தக் காலத்துல அதுக்கு அப்படி ஒரு பேரெல்லாம் கிடையாது. செய்வினைன்னாங்க, காத்து கருப்புன்னாங்க. கடைசியில எல்லாரும் செய்யுறதைத்தான் எங்க வீட்லயும் செஞ்சாங்க. 2000-ல ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு காப்பகத்துல விட்டாங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்க்கப் போன எங்க அப்பத்தா, மகன் கால்ல சங்கிலித் தடத்தைப் பார்த்துட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதுச்சாம். "சோறு போட எனக்குத் தெரியும், எம் புள்ளைய அவுத்து விடு"ன்னு சண்டை போட்டு கையோட கூட்டிட்டு வந்துருச்சு.

அடுத்த வருஷம், 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலையில, ஏர்வாடியில ஒரு காப்பகத்துக் கொட்டகை தீப்பிடிச்சு 28 பேர் செத்துப் போனாங்க. சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியல. சித்தப்பா இருந்தது அந்த இடம் இல்ல, வேற. ஆனா அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் அப்பத்தா அவர் கையை விடவே இல்லன்னு அம்மா சொல்லுவாங்க. எனக்கு அப்ப நாலு வயசு.

ரெண்டு வருஷம் முன்னாடி அப்பத்தா போயிருச்சு. இப்ப சித்தப்பா அப்பா அம்மாவோட இருக்கார். அப்பா ரிட்டயர்டு. போன்ல ஒரு நாள் சொன்னார்: "எங்க காலம் வரைக்கும் நாங்க பாத்துக்குவோம்டா. அதுக்கப்புறம்?" நான் அப்ப பெல்ஜியத்துல ஆன்சைட்ல ஆணி புடுங்கிட்டு இருந்தேன். பதில் சொல்லத் தெரியல. "பாக்கலாம்ப்பா"ன்னு வச்சுட்டேன்.

அந்த வாரம் டீம்ல இருந்த ஒரு பெல்ஜியத்துக்காரர்கிட்ட பேச்சுவாக்குல இதைச் சொன்னேன். அவர், "இங்கேர்ந்து ஒரு மணி நேரத்துல ஹேல்னு ஒரு ஊர் இருக்கு, போய்ப் பாரு"ன்னார். ஆன்ட்வெர்ப்ல இருந்து ஹெரன்டால்ஸ் வழியா ரயில். தட்டையான மணல் பூமி, சின்ன ஊர். சனிக்கிழமை போய் இறங்கினா நம்ம கண்ணுக்கு விசேஷமா ஒண்ணுமே தெரியாது. விசேஷமே அதுதான்னு பின்னாடிதான் புரிஞ்சுது.

எழுநூறு வருஷத்துக்கும் மேலா அந்த ஊர்க்காரங்க மனநோயாளிகளைத் தங்கள் வீட்டுலேயே வச்சுக் காப்பாத்துறாங்க. சொந்தக்காரங்களை இல்லைங்க, முன்பின் தெரியாதவங்களை.

கதை டிம்ப்னான்னு ஒரு பெண்ணோட ஆரம்பிக்குது. ஏழாம் நூற்றாண்டு அயர்லாந்து இளவரசி. அம்மா செத்த துக்கத்துல புத்தி பேதலிச்ச அப்பன், மனைவி சாயல்ல இருக்குற மகளையே கல்யாணம் பண்ணிக்கணும்னு நிக்குறான். அவ ஒரு பாதிரியாரோட தப்பிச்சுக் கடல் தாண்டி ஹேலுக்கு வர்றா. அப்பன் துரத்தி வந்து தலையை வெட்டிடுறான். இது ஐதீகம், 13-ம் நூற்றாண்டுலதான் எழுத்துல வருது. பைத்தியத்துக்கு அடிபணியாம செத்தவ, அதனால பைத்தியத்தைக் குணமாக்குவான்னு ஜனங்க நம்பினாங்க. யாத்திரை வர ஆரம்பிச்சாங்க. 1349-ல அவ பேர்ல பெரிய கோவில் கட்ட ஆரம்பிச்சாங்க.

கோவிலை ஒட்டி நோயாளிகளுக்குன்னு ஒரு அறை. ஒன்பது நாள் தங்கி வேண்டுதல் செய்யணும். அந்த அறை கொள்ளாத அளவுக்குக் கூட்டம். மிச்சப் பேரை எங்க தங்க வைக்க? ஊர்க்காரங்க வீட்டுல. ஒன்பது நாள்ல குணமாகலைன்னா? இன்னொரு ஒன்பது நாள். அதுலயும் ஆகலைன்னா, கூட்டிட்டு வந்தவங்களே விட்டுட்டுப் போயிருவாங்க. தங்கினவன் தங்கினபடி அந்த வீட்டுல ஒருத்தனா ஆயிடுவான். மாடு மேய்ப்பான், குழந்தையத் தூக்கி வச்சுக்குவான். இப்படி யாரும் திட்டம் போடாம வந்த ஏற்பாடு இது.

இதை ரொம்ப புனிதமாக்கிடவும் கூடாது. அந்தப் பக்கம் மண் மகா மட்டம், ஏழை விவசாயிங்க. ஒரு ஆள் கூட வேலைக்குக் கிடைக்குறதும், அவனை அனுப்பின குடும்பமோ ஊரோ கொடுக்குற தொகையும் அவங்களுக்குப் பெரிய விஷயம். சங்கிலியும் இருந்துச்சு. 1821-ல எஸ்கிரோல்னு அந்தக் காலத்துப் பிரபல பிரெஞ்சு மனநல மருத்துவர் நேர்ல போய்ப் பார்த்தப்ப, சிலர் கால்ல இரும்பு வளையத்தைப் பார்த்திருக்கார். அதைப் படிச்சப்ப எனக்கு அப்பத்தா ஞாபகம்தான் வந்தது.

அதுக்குள்ள இன்னொரு மாற்றமும் நடந்திருந்துச்சு. பிரெஞ்சுப் புரட்சிக்கப்புறம் அந்தப் பகுதி பிரான்ஸ் கையில போனதும் கோவில் நிர்வாகத்தோட பிடி போயிருச்சு. ஆனா வழக்கம் நிக்கல. 1803-ல பிரஸ்ஸல்ஸ் பக்கத்து அதிகாரி, நகரத்து நெரிசல்ல அடைஞ்சு கிடந்த மனநோயாளிகளை ஹேலுக்கே அனுப்பி வச்சார். அதாவது வேண்டுதலுக்காக வந்த காலம் போயி, அரசாங்கமே ஆள் அனுப்புற காலம் வந்துருச்சு.

எனக்கு இந்தச் சரித்திரத்துல முக்கியமாப் படுறது 1850. அந்த வருஷம் பெல்ஜியம் மனநோயாளிகளுக்குன்னு ஒரு சட்டம் போட்டுச்சு. ஹேல் அரசுப் பொறுப்புக்கு வந்தது. மருத்துவர்களை நியமிச்சாங்க. 1862-ல ஊர்லயே ஒரு மருத்துவமனை. புதுசா வர்றவங்களை முதல்ல அங்க வச்சுக் கவனிச்சு, எந்த வீடு தோதுப்படும்னு பார்த்து அனுப்புவாங்க. நிலைமை மோசமானா திரும்ப அங்க வரலாம். வீடுகளைச் சோதனை போட ஆள் உண்டு. ஒரு வீட்டுக்கு ஒருத்தர், மிஞ்சினா ரெண்டு பேர். இரும்பு மெல்ல மெல்ல ஒழிஞ்சது.

அப்ப ஐரோப்பாவுல எல்லா நாட்டுலயும் பெரிய பெரிய மதில் வச்ச பைத்தியக்கார ஆஸ்பத்திரியா கட்டிக்கிட்டு இருந்தாங்க. அதனால ஹேல் பேர்ல பெரிய வாதமே நடந்துச்சு. பாதிப் பேர் இதுதான் வழின்னாங்க, மீதிப் பேர் படிக்காத விவசாயிக்கு என்ன தெரியும்னாங்க. ஓவியர் வான்கா தெரியுமில்ல? 1880-ல அவரோட அப்பா அவரை ஹேலுக்கு அனுப்பிடலாம்னு யோசிச்சிருக்கார். மகன் ஒத்துக்கல.

1938-ல உச்சம். 3,700-க்கும் மேல. சின்ன ஊருக்கு இது எவ்வளவுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. கடைக்குப் போனா, சர்ச்சுக்குப் போனா, பாருக்குப் போனா பக்கத்துல ஒருத்தர் இருப்பார். குழந்தைங்க அப்படியே பார்த்து வளர்ந்ததால பயம்ங்கிறதே வரல. அங்க நோயாளின்னு சொல்றதில்ல, வீட்டுல தங்கி இருக்குறவர்ங்கிற அர்த்தத்துலதான் ஒரு வார்த்தை. வச்சிருக்குற குடும்பத்துக்கு என்ன வியாதின்னு டாக்டர் சொல்றதும் கிடையாது. பழகித் தெரிஞ்சுக்கட்டும்னு விட்டுருவாங்க. இப்படித்தான் ஒரு வீட்டுல இருந்தவர் தினமும் சட்டைப் பட்டனைத் திருகித் திருகிப் பிச்சுடுவாராம். வீட்டம்மா தினமும் ராத்திரி தைச்சுக் கொடுப்பாங்களாம். மீன்பிடி நரம்பால தைச்சா பிய்யாதேன்னு ஒருத்தர் யோசனை சொன்னதுக்கு, அது ரொம்பத் தப்பு, அவருக்குப் பட்டனைத் திருக வேண்டியிருக்குன்னு பதில் சொல்லியிருக்காங்க. எங்க சித்தப்பா செய்தித்தாளைச் சன்னமாக் கிழிச்சுக்கிட்டே இருப்பார். நான் எத்தனை தடவை பிடுங்கி வச்சிருக்கேன்னு கணக்கே இல்ல.

நிறைய பேர் அங்கேயே முப்பது வருஷம், ஐம்பது வருஷம் இருந்து வயசாகிப் போயிருக்காங்க. வீட்டுக்காரர் செத்தா மகன் பார்த்துக்குவான், மகள் பார்த்துக்குவா. நிலத்தோட வீட்டோட இந்தப் பொறுப்பும் அடுத்த தலைமுறைக்கு வரும். அப்பா என்கிட்ட கேட்ட கேள்விக்கு அந்த ஊர் சொன்ன பதில் இதுதான்.

ஆனா அந்தப் பதிலும் இப்ப தேய்ஞ்சுக்கிட்டு வருது. 2000-களோட ஆரம்பத்துல 500 பேர் அளவுக்கு இருந்தது, இப்ப அதுல பாதிகூட இல்ல. விவசாயம் குறைஞ்சது, பெண்கள் வேலைக்குப் போறாங்க, பகல்ல வீட்டுல ஆள் இல்ல. கொடுக்குற தொகையும் சொற்பம். மருந்து நல்லா வந்ததால தனி வீட்டுல இருக்க முடிஞ்சவங்களும் ஜாஸ்தி, அது நல்லதுதான். 2023-ல யுனெஸ்கோ இந்த வழக்கத்தை நல்ல பாதுகாப்பு முறைகளோட பட்டியல்ல சேர்த்துச்சு.

ஊர் திரும்புற ரயில்ல எனக்கு ஓடினது ஒரே யோசனை. ஹேலும் ஏர்வாடியும் ஒரே மாதிரிதானே ஆரம்பிச்சுது? ஒரு புனிதரோட அடக்க ஸ்தலம், நோயாளிங்க யாத்திரை, உத்தரவு வர்ற வரைக்கும் தங்கல். ஜப்பான்ல கியோட்டோ பக்கத்துல இவாகுராவும் அப்படித்தான், கோவில் தண்ணியைத் தேடி வந்தவங்க சுத்துப்பட்டு வீடுகள்ல தங்கினாங்க. அப்புறம் எங்க பாதை பிரிஞ்சுது? நம்பிக்கையில தப்பு இருக்குன்னு நான் நினைக்கல. மூணு இடத்துலயும் நம்பிக்கைதான் ஜனங்களைக் கூட்டிட்டு வந்தது. ஹேல்ல தங்க வச்சது சமையலறை இருக்குற வீட்டுல. அதைக் கவனிக்க முதல்ல கோவிலும் ஊரும், பின்னாடி அரசும் டாக்டரும் இருந்தாங்க. ஏர்வாடியில அது கொட்டகையாப் போச்சு, கேக்க ஆள் இல்லாத தொழிலாப் போச்சு. தீ விபத்துக்கப்புறம்தான் அரசாங்கம் அந்தக் காப்பகங்களை மூடிச்சு. சங்கிலி போடக் கூடாதுன்னு 2017 மனநலச் சட்டம் தெளிவாவே சொல்லுது. இப்ப தர்கா பக்கத்துலயே அரசு மருத்துவரும் இருக்கார், துவாவும் உண்டு, மருந்தும் உண்டு.

சென்னையில பான்யன் அமைப்பு 2015-ல இருந்து சாதாரணத் தெருவுல வீடு எடுத்து, மருத்துவமனையில பல வருஷம் கிடந்தவங்களை நாலஞ்சு பேரா ஒரு குடும்பம் மாதிரிக் குடிவைக்குது. ஹேல் மாதிரியே இல்ல, ஆனா அதே திசைதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அப்பாகிட்ட உட்கார்ந்து பேசினேன். மனநோயும் 2016 சட்டத்துல இருக்குற 21 ஊனங்கள்ல ஒண்ணு, அதனால சித்தப்பாவுக்கு அடையாள அட்டைக்கு மனு போட்டோம். அதுவரைக்கும் யாரும் போடவே இல்ல. மாவட்ட ஆஸ்பத்திரியில மாத்திரை வாங்குற நாளுக்கு நானும் கூடப் போனேன். திரும்பி வர்றப்ப தெருமுனை டீக்கடையில சித்தப்பா தானா போய் நின்னார். அண்ணாச்சி கேக்காமயே சர்க்கரை கம்மியா ஒரு டீ போட்டுக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனேன். "அது மாசக் கணக்கு தம்பி, உங்க அப்பத்தா வச்சுட்டுப் போனது. இவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனா உங்க அப்பாவுக்குப் போன் பண்ணிருவேன், கவலைப்படாதீங்க"ன்னார். எனக்கு இது தெரியவே தெரியாது.

அப்பாகிட்ட இன்னும் முழுசா பதில் சொல்லல. நான் பெங்களூர்ல இருக்கேன், ஊருக்குத் திரும்பறதா இல்லையான்னு முடிவு பண்ணணும். கல்யாணம் பேசுறப்ப பொண்ணு வீட்ல சித்தப்பாவைப் பத்தி முதல்லயே சொல்லிரணும்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். அம்மா ஒண்ணும் சொல்லல, "சரிடா"ன்னாங்க.

இந்த முறை வந்தப்ப பழைய பேப்பர் ஒரு கட்டு தனியா எடுத்து வச்சுட்டு வந்தேன், சித்தப்பா கிழிக்க :-)

உங்க ஊர்ல, உங்க தெருவுல இப்படி யாராவது இருந்தா, அவங்களை யார் யார் பார்த்துக்குறாங்கன்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க.