சுயதீங்கும் பள்ளி ஆதரவும்

சுயதீங்கு என்பது ஒருவர் தம் உடலைத் தாமே வேண்டுமென்றே காயப்படுத்திக்கொள்வது ஆகும். இது பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் தொடங்குகிறது. தாங்கவியலாத மனவேதனையைத் தணித்துக்கொள்ளும் முயற்சியாகவே பலர் இதில் ஈடுபடுகின்றனர். இது பிறர் கவனத்தை ஈர்க்கும் நடிப்பு என்னும் கருத்து தவறானது. பலரும் இதனை மறைக்கவே முயல்கின்றனர். தற்கொலை எண்ணம் இன்றியும் இது நிகழலாம். எனினும் பின்னாளில் தற்கொலைக்கான இடர் கூடுவதால், எந்த நிகழ்வையும் புறக்கணித்தல் ஆகாது.

ஆசிரியரின் அணுகுமுறை

* அதிர்ச்சியோ சினமோ காட்டாது, தனியிடத்தில் செவிமடுத்தல்.
* காயம் இருப்பின் உடனே மருத்துவ உதவி பெறுதல்.
* "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்களிக்காதிருத்தல். யாரிடம், ஏன் தெரிவிக்கப்படும் என்பதை மாணவரிடமே முன்னர்க் கூறுதல்.
* தண்டனை, இடைநீக்கம், பிறர்முன் வினவுதல் ஆகியவற்றைத் தவிர்த்தல். இவை மாணவரை மேலும் மறைக்கத் தூண்டும்.

பள்ளியின் பொறுப்பு

இங்கிலாந்தில் நைசு நிறுவனம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டல், சுயதீங்கு தொடர்பான நடைமுறைகளையும் அவற்றுக்கென ஒரு பொறுப்பாளரையும் கல்வி நிலையங்கள் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. நெருங்கிய நண்பர்களுக்கான ஆதரவும் அதில் அடங்கும். இந்தியாவில் அதே ஆண்டு தொடங்கப்பட்ட டெலி மானசு சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்.