கனத்த குழலும் நடக்கும் வீரனும்



எங்கள் ஊர்ப்பக்கங்களில் துவக்கு என வழங்கும் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குண்டையும் மருந்தையுமே நினைப்பர். குண்டு ஓடி வெளிவரும் இரும்புக் குழலின் கனத்தை நினைப்பவர் சிலரே. அக்கனம் ஒரு படைப்பிரிவுக்கு எவ்வளவு துணை நின்றது, எவ்வளவு சுமையாயிற்று என்பதைக் காட்டும் வரலாறு ஒன்று உண்டு. 1861ஆம் ஆண்டு தொடங்கி 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலே அதனைக் காண்கிறோம்.

நியூயோர்க்கைச் சேர்ந்த ஹைரம் பேர்டன் என்பவர் பொறியியல் அறிந்தவர். குறி தவறாது சுடுவதிற் பெயர் பெற்றவர். போர் மூண்ட 1861இல், தேர்ந்த குறிகாரரை மட்டுமே கொண்ட படையொன்றை வடபகுதி அரசாங்கத்துக்காகத் திரட்டினார். அதிற் சேர விரும்பியவனுக்கு ஒரு பரீட்சை இருந்தது. 200 யார் தூரத்தில் உள்ள இலக்கை, துப்பாக்கியைத் தாங்கியின்மேல் வைத்து 10 முறை சுடல் வேண்டும். குண்டு பட்ட இடங்கள் இலக்கின் நடுவிலிருந்து, சராசரியாக, 5 அங்குலத்துக்கு மேல் விலகலாகாது.

இப்பரீட்சையிற் தேறியவர் பலர் தத்தம் சொந்தத் துப்பாக்கிகளோடு வந்தனர். அவை போருக்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஊர்ப் போட்டிகளில் இலக்குச் சுடுவதற்கென்று கைதேர்ந்த கம்மியர் செய்து கொடுத்தவை. சாதாரண காலாட்படை வீரனின் துப்பாக்கி ஏறக்குறைய 9 இறாத்தல் நிறையுடையது. இவற்றிலோ, 30 இறாத்தல் வரை நிறுத்தவையும் இருந்தன. தடித்த, எட்டுப்பட்டைக் குழல். சிலவற்றின் மேலே குழலின் நீளத்துக்குத் தொலைநோக்கி.

ஏன் இத்தனை கனம்? மருந்து வெடிக்கும் கணத்திலே குழல் அதிர்கிறது. குண்டு வாயைவிட்டு வெளியேறும் வேளையில் அவ்வாய் மயிரிழை விலகினாலும், தூரத்து இலக்கிலே அது சாண் கணக்காகிவிடும். மெல்லிய கம்பியைத் தட்டினால் நெடுநேரம் நடுங்கும். அலவாங்கைத் தட்டினால் அவ்வாறு நடுங்குவதில்லை. உருண்டைக் கம்பி ஒன்றின் விட்டத்தை இரட்டித்தால், வளையாது நிற்கும் அதன் விறைப்பு 16 மடங்காகிறது. தடித்த குழலின் முதற் சிறப்பு இதுவே.

அடுத்தது உதைப்பு. துப்பாக்கியின் நிறை இரட்டித்தால், அது தோளை நோக்கிப் பின்வாங்கும் வேகம் பாதியாகக் குறைகிறது. மூன்றாவது சூடு. தொடர்ந்து சுடும்போது மெல்லிய குழல் விரைவிற் சூடேறி, குறி மெல்ல விலகத் தொடங்கும்; தடித்த குழல் அதனை நெடுநேரம் தாங்கும். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. செம்மையாகத் துளைத்துப் புரியிடாத குழல் எத்துணை கனத்திருந்தாலும் நேராகச் சுடாது. கனம் நல்ல வேலைப்பாட்டுக்குத் துணை. அதற்கு ஈடு ஆகாது.

1862 ஏப்பிரலில், வேர்ஜீனியாவின் யோர்க்டவுன் முற்றுகையிலே இத்துப்பாக்கிகள் தம் வன்மையைக் காட்டின. படைகள் ஓரிடத்தில் நின்றன. குழலைத் தாங்கியில் வைக்கவும், தூரத்தை மதிப்பிடவும் போதிய நேரம் கிடைத்தது. எதிரியின் பீரங்கிகளை இயக்க வந்தோர் தொலைவிலிருந்தே வீழ்த்தப்பட்டனர்.

ஆனால் முற்றுகை முடிந்தது. படை நடக்கத் தொடங்கியது. 30 இறாத்தல் இரும்பைத் தோளிற் சுமந்து சேற்று வழியே எவன் நடப்பான்? தோளில் ஏந்திச் சுடவும் இயலாது. சட்டென ஒரு பக்கம் திருப்பவும் இயலாது. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அளவான குண்டு வேண்டும். வாய்வழியாக மெல்ல மெல்ல மருந்திடவும் வேண்டும். எனவே அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள், பின்புறத்தாற் குண்டிடும் ஷார்ப்ஸ் துப்பாக்கி பேர்டனின் வீரருக்கு வழங்கப்பட்டது. அதன் நிறை ஏறக்குறைய 9 இறாத்தலே. படுத்தபடியே குண்டிடலாம், நிமிடத்துக்கு 8 முறையளவிற் சுடலாம். கனத்த குழல்களிற் சில மட்டும் வண்டிகளில் ஏற்றப்பட்டு, தேவை நேர்ந்தபோது மிகச் சிறந்த குறிகாரரிடம் கொடுக்கப்பட்டன.

1863 யூலை 2ஆம் நாள், கெற்றிஸ்பேர்க் போரிலே, அவர்களுட் சுமார் 100 பேர் மற்றொரு படைப்பிரிவினரோடு காட்டினுள்ளே முன்னேறி, தம்மிலும் மிகப் பெரிய எதிரிப்படையைச் சிறிது நேரம் மறித்து நின்றனர். அன்று அவர்களுக்கு உதவியது இலேசான துப்பாக்கியே. கனத்த குழல் நிற்பவனுக்கு நண்பன். நடப்பவனுக்குப் பகைவன் என்னும் உண்மை அங்கே விளங்கிற்று.

நேயர்களே, இவ்வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வின்ஸ்லோ ஹோமர் என்னும் ஓவியர் யோர்க்டவுன் முற்றுகையைக் காணச் சென்றிருந்தார். மரக்கிளையில் அமர்ந்து குறிபார்க்கும் வீரனை அவர் வரைந்த சித்திரம் 1862 நவெம்பரிலே ஹார்ப்பர்ஸ் வீக்லி என்னும் பத்திரிகையில் வெளிவந்து புகழ் பெற்றது. அவர் அங்கே அத்தகைய துப்பாக்கி ஒன்றின் தொலைநோக்கி வழியே தாமே பார்த்தாராம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1896இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் காட்சி கொலைக்கு மிக அண்மையான ஒன்றாகத் தம் மனத்தில் தைத்தது என்று அவர் நினைவுகூர்ந்தார்.

பெருங்கூட்டத்தை நோக்கிச் சுடுபவனுக்குத் தன் குண்டு யாரைத் தாக்கியது என்று தெரியாது. நடுங்காத குழலும் தெளிந்த தொலைநோக்கியும் உடையவனுக்கோ, தான் வீழ்த்தப்போகும் மனிதனின் நடையும் சாயலும் முன்னரே தெரிந்துவிடுகின்றன. இரும்பின் சுமையை வண்டியில் ஏற்றிவிடலாம். அறிந்து சுடும் சுமையை ஏற்றுதற்கு வண்டி ஏது? கம்மியர் குழலின் நடுக்கத்தை அடக்கினர். அதனைப் பிடித்தவனின் நெஞ்சின் நடுக்கத்தை அடக்க அவர்களாலும் இயலவில்லை.